தில்லிக் கணக்கும் அடுப்படிக் கணக்கும்



நடுவணரசின் இன்றைய ஆட்சியில் எளிய குடிமகன் முன்னையினும் நன்றாக வாழ்கின்றானா என்பதே இவ்வுரையின் பொருள். "ஆம்" என்பாரும் "இல்லை" என்பாரும் தத்தம் கட்சிக் கொடியை நோக்கி விடை சொல்லிவிட்டுப் போகலாம். அவ்விடைகளால் எந்த வீட்டு உலையிலும் ஒரு பிடி அரிசி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எனவே கொடியைச் சற்றே சுருட்டி வைத்துவிட்டுக் கணக்கை விரிப்பதே முறை.

2014-இல் அமைந்து, 2019-இலும் 2024-இலும் தொடர்ந்த ஆட்சி இது. அதன் பக்கத்து வழக்கை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஊர்ப்புறத்தில் ஓர் ஆள் ஒரு திங்களுக்குச் செலவிட்ட தொகை 2011–12-இல் சராசரி 1,430 உருபா. 2022–23-இல் அது 3,773 உருபா. இடையில் ஏறிய விலைவாசியைக் கழித்துப் பழைய விலையிலேயே கணித்தாலும் 2,008 உருபா ஆகிறது. நகர்ப்புறத்தில் அவ்வாறே 2,630 என்பது 3,510 ஆயிற்று. ஊர்ப்புறத்தார் செலவில் உணவுக்கே போன பங்கு 53 விழுக்காட்டிலிருந்து 46 விழுக்காடாகக் குறைந்தது. வயிற்றுக்குப் போக, பிறவற்றிற்கும் கையில் காசு மிஞ்சுகிறது என்பதே இதன் பொருள். ஒன்றுமே நடக்கவில்லை என்று மேடைதோறும் முழங்குவார்க்கு இவ்வெண்கள் கசக்கும்; கசந்தாலும் இவை அரசின் அளவையில் வந்த எண்களே. இக்காலப் பகுதியின் முதல் இரண்டரை ஆண்டு முந்தைய ஆட்சியைச் சேர்ந்தது என்பதையும், 2022–23-இல் கணக்கெடுத்த முறையே மாறிற்று என்பதையும் உடன் நினைவிற் கொள்ள வேண்டும், அவ்வளவே.

இனி, முடிச்சுக்கு வருவோம். 2013–14 தொடங்கி 2022–23 வரையுள்ள ஒன்பதாண்டில் 24 கோடியே 82 இலக்கம் மக்கள் பன்முக வறுமையினின்று மீண்டனர் என்றும், வறியவர் தொகை 29 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காடாகத் தாழ்ந்தது என்றும் நித்தி ஆயோக் அறிவித்தது. நன்று. அதே அரசு 2024 சனவரி முதல் ஐந்தாண்டுக்கு 81 கோடிப் பேர்க்கு விலையின்றித் தவசம் வழங்குவதாகவும் அறிவித்தது. நூற்றுக்குப் பதினொருவரே வறியர் எனின், நூற்றுக்கு ஐம்பத்தைவர்க்கும் மேல் அரிசி எதற்கு? அத்தனை பேர்க்கும் அரிசி வேண்டும் எனின், வறுமை எங்கே ஒழிந்தது? வறுமைக்கோட்டைத் தாண்டியவன் இடறினால் மீண்டும் விழும் தொலைவில்தான் நிற்கின்றான் என்பதை ஆட்சியாளரே ஒப்புக்கொண்டதன்றோ இது!

அந்த "விலையின்றி" என்னும் சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்குத் திங்கள்தோறும் 5 கிலோ தவசத்தை உரிமையாகத் தந்தது. அரிசி கிலோ 3 உருபா. கோதுமை 2 உருபா. கொள்ளை நோய்க் காலத்தில், 2020 ஏப்பிரல் தொடங்கி, இடையில் சில திங்கள் நின்று, 2022 திசம்பர் வரை மேலும் 5 கிலோ விலையின்றிக் கிடைத்தது. ஆக, ஆளுக்குப் பத்துக் கிலோ. 2023 சனவரியில் அந்த மேலதிக ஐந்து கிலோ நின்றது. சட்டப்படியான ஐந்து கிலோ மட்டும் விலையில்லாததாயிற்று. அஃதாவது, அரிசி உண்பவர்க்கு மிச்சமானது திங்களுக்குப் பதினைந்து உருபா. கைவிட்டுப் போனது ஐந்து கிலோ தவசம். இதற்குப் பெயர் கொடையாம்! தமிழ்நாட்டிலோ 2011 முதலே பங்கீட்டுக்கடை அரிசிக்கு விலையில்லை. ஆதலின் அந்தப் பதினைந்து உருபா மிச்சமும் இங்குப் புதிதாக வந்ததன்று.

உரிமையாய் இருந்ததைக் கொடையாய் மாற்றுவதில் ஓர் ஊதியம் உண்டு. உரிமைக்கு நன்றி கூற வேண்டியதில்லை. கொடைக்குக் கூற வேண்டும். இக்கொடையின் பெயரோ "பிரதான் மந்திரி கரீப் கல்யாண் அன்ன யோசனா". பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் நம் ஊர்ப் பாட்டி இப்பெயரைக் கேட்டால், யார் வீட்டில் கல்யாணம் என்றுதான் வினவுவாள். அவள் உண்ணும் அரிசியின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை!

சராசரி என்பது ஒரு மாயக்கண்ணாடி. ஊர்ப்புறத்தார் இருபதின்மரில் அடித்தட்டில் நிற்கும் ஒருவன் 2022–23-இல் ஒரு திங்களுக்குச் செலவிட்டது 1,373 உருபா. நாளுக்கு 46 உருபா. சோறு, துணி, மருந்து, பேருந்துக் கட்டணம், பிள்ளையின் எழுதுகோல் எல்லாம் அதற்குள் அடக்கம். அரசு விலையின்றித் தந்த பொருள்களின் மதிப்பைச் சேர்த்தாலும் திங்களுக்கு நூறு உருபா கூடவில்லை. நகர்ப்புறத்து இருபதின்மரில் உச்சியில் இருப்பவன் செலவிட்டதோ 20,824 உருபா. இவ்விருவரையும் கூட்டி வகுத்து, நாடு நலம் என்று சொல்வது எந்தப் பள்ளியில் கற்ற கணக்கு?

வேலையைப் பாருங்கள். வேலையின்மை 2017–18-இல் 6.1 விழுக்காடு, 2022–23-இல் 3.2 விழுக்காடு. பாதியாகக் குறைந்துவிட்டது என்று கைதட்டலாம். ஆனால் உழைப்போருள் தாமே தொழில் பார்ப்போர் 2017–18-இல் 52 விழுக்காடு. 2023–24-இல் 58 விழுக்காடு. இவர்களெல்லாரும் ஆலை முதலாளிகள் என எண்ணிவிட வேண்டா. வீட்டு வயலிலும் வீட்டுக் கடையிலும் கூலியின்றிக் கைகொடுக்கும் பெண்டிரும் பிள்ளைகளும் இதனுள் அடக்கம். அத்தகையோர் மட்டும் 13.6 விழுக்காட்டிலிருந்து 19.4 விழுக்காடாகப் பெருகினர். உழவில் இருப்போர் பங்கும் குறையாமல் 44-இலிருந்து 46 ஆக ஏறிற்று. உழவு உயர்ந்த தொழிலே, அதில் ஐயமில்லை. ஆயின் நகரில் வேலை கிடைக்காமல் திரும்பி வந்தவன், அண்ணன் உழுத அதே காணி நிலத்தில் தானும் இறங்குவது உழவின் வளர்ச்சியன்று. விளைவு அதுவே, உண்ணும் வாய்தான் இரண்டு.

வரியைப் பற்றியும் ஒரு சொல். 2019 செப்தம்பரில் குழுமங்களின் வருமான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைத்தனர். பெட்ரோல் எனப்படும் கன்னெய்யின் மீது நடுவணரசு கொண்ட வரி 2014 ஏப்பிரலில் 9 உருபா 48 காசு; உலகில் எண்ணெய் விலை வீழ்ந்து கிடந்த 2020 மேயில் 32 உருபா 98 காசு! 2022 மேயில் குறைத்தபோதும் 19 உருபா 90 காசில் நின்றது. 2021-இல் கொண்ட 32 உருபா 90 காசில் மாநிலங்களொடு பங்கிடத்தக்க அடிப்படை வரி 1 உருபா 40 காசே. எஞ்சியதெல்லாம் கூடுதல் வரி, மேல்வரி என்னும் பெயரில் தில்லியிலேயே தங்கிற்று. யானைக்குக் கவளம் கொடுப்பதையும், யானையே வயலில் புகுவதையும் காட்டிப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் வரிமுறை உரைத்தார். அப்புறப்பாட்டை இவ்வவைக்கு விளக்க வேண்டியதில்லை. காய்கறி ஏற்றிவரும் வண்டி குடிக்கும் எண்ணெய்க்கும் வரி உண்டு; அவ்வரி கத்தரிக்காய் விலையில் ஏறி, வண்டியே இல்லாதவன் வீட்டுக் குழம்பிலும் இறங்குகிறது.

இத்தனைக்கும் மேலான குறை ஒன்றுண்டு. அளவுகோலையே எடுத்து ஒளித்து வைத்தால் எதைக்கொண்டு அளப்பது? 2017–18-இல் எடுத்த வீட்டுச் செலவுக் கணக்கை, தரம் போதாதென்று கூறி, வெளியிடுவதில்லை என 2019 நவம்பரில் அரசு அறிவித்தது. உயர்மதிப்புத் தாள் செல்லாதென 2016 நவம்பரில் அறிவித்ததும், 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்ததும் சிறுவணிகன் வீட்டை எப்படித் தாக்கின என்பதைக் காட்டியிருக்க வேண்டிய கணக்கு அது.

மக்கள் தொகைக் கணக்கோ 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறியதில்லை. உலகப் போர் மூண்டிருந்த 1941-இலும், சுருங்கிய அளவிலேனும், வெள்ளையன் அதை எடுத்தான். 2021-இல்தான் முதன்முறையாகத் தவறிற்று. நோய் காரணம் என்றனர். நோய் தணிந்த பின்னும் ஆண்டுகள் கழிந்தன. 2027 மார்ச்சு 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு எடுக்கப்படும் என 2025 சூனில்தான் அறிவிப்பு வந்தது.

இது ஏட்டுச் சிக்கலன்று; அடுப்புச் சிக்கல். உணவுச் சட்டத்தின் 81 கோடி என்பது 2011-இன் மக்கள் தொகையாகிய 121 கோடியில் 67 விழுக்காடு. இன்று மக்கள் 140 கோடிக்கும் மேல். அதில் 67 விழுக்காடு 94 கோடியை நெருங்கும். இடைப்பட்ட பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்டோர் சட்டம் குறித்த விழுக்காட்டுக்கு உள்ளே, ஒதுக்கீட்டுக்கு வெளியே. தமிழ்நாட்டில் பங்கீட்டுக்கடை அனைவர்க்கும் பொதுவாதலின், அந்த இடைவெளியை மாநில அரசு தன் பணத்தால் நிரப்புகிறது. அத்தகைய பொது முறை இல்லாத மாநிலங்களில், ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்னும் ஒரு சொல்லோடு புதிதாக அட்டை கேட்பவன் திரும்ப வேண்டியதுதான்.

2011-இன் கணக்கு முடிந்த மறுநாள் பிறந்த பெண்குழந்தைக்கு, அடுத்த கணக்கு நாளில் அகவை பதினாறு ஆகும். பள்ளியில் அவள் பெயர் உண்டு. ஆதார் அட்டையிலும் உண்டு. ஆயினும் அவள் பொருட்டு நடுவணரசின் தவச ஒதுக்கீடு இன்னும் ஒரு பிடியும் உயரவில்லை.