நேரம் கேட்காத பழக்கங்கள்



உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால், நம் வாயில் சட்டென்று வரும் பதில் ஒன்றுண்டு: "நேரம் எங்கே இருக்கிறது?" விடிந்ததும் சமையல், டிபன் டப்பா, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். மாலையானால் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால், தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லாத பழக்கங்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இதற்கு ஒரு நல்ல ஆதாரம் லண்டன் மாநகரின் மாடி பஸ்களில் கிடைத்தது. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், அங்கே போக்குவரத்து வேலையில் இருந்த சுமார் 31,000 ஆண்களின் இதயநோய் விவரங்களைத் திரட்டினார். பஸ் ஒன்றுதான், வேலை இரண்டு விதம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுப்பதற்காக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறுவார். நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்ற முடிவு 1953-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. மோரிஸ் அதோடு விடவில்லை. சீருடைக் கணக்கை வாங்கி, கால்சட்டை அளவுகளையும் ஒப்பிட்டார். ஓட்டுநர்கள் இளவயதிலேயே இடுப்பு பெருத்தவர்களாக இருந்தார்கள். ஆகவே, எல்லாவற்றுக்கும் படிக்கட்டே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உடல் அசைவு இதயத்தைக் காக்கும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதிசெய்தன.

அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சி என்று நினைத்துப் படியேறவில்லை. வேலையோடு வேலையாக நடந்ததால்தான் அது ஒரு நாளும் தவறவில்லை. ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்ட பழக்கம்தான் நிலைக்கும். நான் சொல்ல வருவதும் அதுதான்.

இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். கை கழுவியதும் நேரே டிவி முன்னால் போய் உட்காருகிறோம். அதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். தெருவில் முடியாவிட்டால் மொட்டைமாடி போதும். கால் தசைகள் வேலை செய்யும்போது, சாப்பாட்டால் இரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை அவை இழுத்துச் செலவழிக்கின்றன. சோறும் இட்லியும் பிரதானமான நமக்கு இது பெரிய லாபம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தால், வாரத்துக்கு 210 நிமிடம் ஆகிவிடுகிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

அடுத்து, வீட்டுப் பெரியவர்கள். தாத்தா நாற்காலியிலிருந்து எழுவதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை முழங்காலில், வாயில் ஒரு 'முருகா'. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். தசை வலு நடுவயதிலிருந்தே மெல்லக் குறைவது உண்மைதான். ஆனால் எண்பது வயதிலும் பயிற்சி கொடுத்தால் தசை வலு கூடும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நகரக்கூடாது. அதன் முன்விளிம்புக்கு வந்து, பாதங்களைச் சற்று உள்ளே இழுத்து வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், தொடையில் பாரம் தெரிய மெதுவாக இறங்க வேண்டும். முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். பழகப் பழக, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழலாம். சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் ஐந்து முறை செய்தால் போதும். குளியலறையில் கால் இடறினால் சமாளித்து நிற்க உதவுவது இந்தத் தொடை வலுதான். மூட்டுவலியோ தலைசுற்றலோ நெஞ்சுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாடும் விளையாட்டு வேண்டும். பள்ளிவிட்டு வந்ததும், டியூஷனுக்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். வெளியில் நேரம் கழிக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறை வரும் வாய்ப்பும் குறைகிறது.

வளரிளம் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. கைபேசி தலைமாட்டில் இருந்தால் அது நடக்காது. அறிவுரை சொல்லிப் பயனில்லை. சார்ஜரை ஹாலில் மாட்டிவிடுங்கள், கைபேசி தானாக அங்கே போய்விடும். ஒரு நிபந்தனை: அப்பா அம்மாவின் கைபேசியும் அங்கேதான் இருக்க வேண்டும்.

மனநலத்துக்கும் இதே வழிதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, மனிதர்களை இளமை முதல் முதுமை வரை பின்தொடர்ந்தது. முதுமையில் நலமாக இருப்பதற்கும் நல்ல உறவுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று அது கண்டது. அதனால் அந்தப் பத்து நிமிட நடைக்குத் தனியாகப் போகாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவை ஒரு குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள். அப்பாவையோ மகளையோ அழைத்துக்கொண்டு போங்கள். முகம் பார்த்துக் கேட்கச் சங்கடமானதெல்லாம் நடக்கும்போது எளிதாகப் பேச்சில் வந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் நடையால் தீர்த்துவிட முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, மனம் கனமாகவே இருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போக நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கப்பட வேண்டாம்.

இன்று சொன்ன எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்கினால், அடுத்த வாரம் ஒன்றும் மிஞ்சாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேலைக்குப் பின்னால் அதைச் செய்யப்போகிறீர்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அது கேட்காமலே நடக்கத் தொடங்கிய பிறகு இரண்டாவதைச் சேர்க்கலாம்.