கணினிக்குப் பின்னால் நின்ற பெண்



இந்தக் கருத்தரங்கின் தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. தகுதியைவிட அன்பு கூடுதலாகக் கிடைத்துவிட்டதால் சற்றுப் பதற்றத்தோடுதான் நிற்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்களில் சிலர் எனக்கு ஆசிரியர்கள். சிலர் என் கட்டுரைகளுக்கு மறுப்பு எழுதியவர்கள். இரு சாராரும் இன்று எழுந்து போக முடியாது என்பது தலைமை உரையாளருக்குக் கிடைக்கும் ஒரே சலுகை. அதை அளவோடு பயன்படுத்திக்கொள்கிறேன்.

‘பள்ளியை விட்டு விலகிய மாணவரை இணையவழியில் மீட்டல்’ என்பது நமக்கு அளிக்கப்பட்ட பொருள். இதன் வரலாறு இங்குள்ள எல்லோருக்கும் பாடம். 2000-இல் இங்கிலாந்தில் பள்ளிக்கு வெளியே நின்ற பதின்வயதினருக்காகத் தொடங்கிய ‘நாட்ஸ்கூல்’, 2011 முதல் தமிழ்நாட்டில் மாணவர்களுக்குத் தரப்பட்ட விலையில்லா மடிக்கணினி, 2019-இல் வந்த கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றுக் காலத்தில் குவிந்த செயலிகள் எல்லாம் நீங்கள் அறிந்தவை. பள்ளிக் குழந்தை உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018-இல் 36.5 விழுக்காடு, 2020-இல் 61.8 விழுக்காடு என்ற ‘அசர்’ கல்வி ஆய்வறிக்கையின் கணக்கையும், 2021-இல் போன் இருந்த வீட்டிலேயே நான்கில் ஒரு குழந்தைக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை என்ற அதே அமைப்பின் கணக்கையும் இன்று பிற்பகலில் பலர் திரையில் காட்டுவார்கள். ஆகவே அதை அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

நான் பேச விரும்புவது ஒரே ஓர் ஆய்வைப் பற்றி. சுகதா மித்ராவும் ரிது டங்வாலும் 2010-இல் வெளியிட்ட காளிக்குப்பம் ஆய்வு அது. 1999-இல் தில்லி கால்காஜியில் சுவரில் பதித்த கணினியில் தொடங்கிய மித்ராவின் சோதனைகள் தமிழ் பேசும் ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்த கதை. நம் துறையில் அதை மேற்கோள் காட்டாதவர் அரிது. முழுதும் படித்தவர் அதைவிட அரிது என்பது என் நெடுநாள் சந்தேகம். ‘கணினியைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள், குழந்தைகள் தாமே கற்றுக்கொள்வார்கள்’ என்பதற்குச் சான்றாக அதைக் காட்டுகிறார்கள். ஆனால் தாமே கற்றலுக்கு எல்லை எங்கே இருக்கிறது என்பதைத்தான் அந்தக் கட்டுரை ஆராய்கிறது. தலைப்பிலேயே அது இருக்கிறது.

நடந்தது இதுதான். 10 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளுக்கு மூலக்கூறு உயிரியல் பாடம் கணினியில், அதுவும் ஆங்கிலத்தில், தரப்பட்டது. தாமாகவே முயன்று அவர்கள் தேர்வில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு மதிப்பெண்ணுக்கு வந்தார்கள். அருகிலிருந்த அரசுப் பள்ளியில் அதே பாடத்தை ஆசிரியரிடம் கற்ற பிள்ளைகளின் நிலையும் அதுவே. பிறகு 22 வயதுப் பெண் ஒருவர் வருகிறார். அவர் ஒரு கணக்கர், அந்தப் பிள்ளைகளோடு விளையாடுபவர். அறிவியல் தனக்குத் தெரியாது என்கிறார். தெரிய வேண்டாம், பேரப்பிள்ளையின் பின்னால் நின்று வியக்கும் பாட்டியைப்போல் நின்றால் போதும் என்கிறார் மித்ரா. அடுத்த இரண்டு மாதங்களில் மதிப்பெண் 50-ஐ எட்டியது. தில்லியின் வசதியான தனியார் பள்ளிப் பிள்ளைகளோடு சமநிலை!

அவர் வருவதற்கு முன்னும் பின்னும் கணினி அதேதான், பாடமும் அதேதான், பிள்ளைகளும் அவர்களேதான். மாறியது அந்தப் பெண்ணின் வருகை மட்டுமே. அப்படியிருக்க நம் நூல்பட்டியல்களில் கணினி இருக்கிறது, அந்தப் பெண் அடிக்குறிப்பில்கூட இல்லை.

மித்ராவே பின்னர் இதிலிருந்து வேறு முடிவுக்குப் போனார். பிரிட்டனில் இருந்த பாட்டிகளை ஸ்கைப் வழியே நம் பிள்ளைகளோடு பேச வைத்தார். 2013-இல் பத்து லட்சம் டாலர் டெட் பரிசும் ‘மேகத்தில் ஒரு பள்ளி’ என்ற கனவும் வந்தன. அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் காளிக்குப்பத்துப் பெண்ணுக்கு அந்தப் பிள்ளைகளின் பெயர் தெரியும், தெரு தெரியும், எவன் எதற்குச் சிணுங்குவான் என்று தெரியும். பாராட்டை இணையத்தில் அனுப்பிவிடலாம். இந்தப் பழக்கத்தை எப்படி அனுப்புவது?

‘வெறும் 26 குழந்தைகளை வைத்து இவ்வளவு பேசலாமா?’ என்று எனக்கு மறுப்பு எழுதிய நண்பர் கேட்டிருந்தார். அவர் இந்த அவையில் இருக்கிறார், பெயர் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த மாட்டேன். அதே 26 குழந்தைகளை வைத்துத்தான் அவர் தம் நூலில் ஓர் இயல் முழுதும் எழுதினார் என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன். ஆயினும் கேள்வி நியாயமானது. காளிக்குப்பத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றவர்களும் அல்லர். எனவே பெரிய சான்றுக்குப் போவோம்.

தமிழ்நாட்டில் தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1-இல் திறந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கிராமப்புறத்துக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரைச் சோதித்தார்கள். இழப்பு பெரிது. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசின் மாலைநேரத் திட்டத்தின் பங்கு என்று மதிப்பிட்டார்கள். இழப்பு ஏழைப் பிள்ளைகளை அதிகம் தாக்கியது, மீட்சி அவர்களுக்கே அதிகம் கிடைத்தது. மாலை ஐந்து மணிக்குமேல் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்த தன்னார்வலர்கள் செய்த வேலை அந்தத் திட்டம். அவர்களுக்குத் தரப்பட்ட ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்.

என்னைத் ‘தொழில்நுட்பத்துக்கு எதிரி’ என்று அழைப்பவர்களுக்காகவே போட்ஸ்வானாவையும் சொல்கிறேன். 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது அங்கே குறுஞ்செய்தி மட்டும் பெற்ற குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. குறுஞ்செய்தியோடு வாரம் ஒருமுறை ஏறத்தாழ 20 நிமிடம் தொலைபேசியில் ஒருவர் பேசிக் கணக்குச் சொல்லித்தந்த குழந்தைகள் முன்னேறினார்கள். அழைப்பு முதலில் போனது பெற்றோருக்கு. பிள்ளையைக் கூப்பிட்டுப் போன் பக்கத்தில் உட்காரவைத்தவர் அவர்தான். ஆக, தொழில்நுட்பம் பயன்படும். இணையமே இல்லாத சாதாரணப் போன்கூடப் பயன்படும். ஆனால் மறுமுனையிலும் இம்முனையிலும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டும்.

இனி பள்ளியை விட்டு விலகியவர்களுக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன பையன் வீடியோ கிடைக்காமல் நிற்கவில்லை. வேலைக்குப் போனான், அல்லது தோற்ற அவமானத்தில் ஒதுங்கினான். அதே வகுப்பில் நின்ற பெண்ணுக்கு வீட்டில் வரன் பார்க்கிறார்கள். இந்தக் காரணங்களோடு பேசத் தெரிந்த செயலியை நான் இன்னும் பார்க்கவில்லை. அவன் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போய் முதலாளியிடம் மன்றாடி அவனை அழைத்துவந்த ஆசிரியப் பயிற்றுநர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தவனுக்குக் கைவிட்டுப்போன கீழ் வகுப்புக் கணக்கை யாரும் பார்க்காதபடி, அவன் வேகத்தில், திரும்பச் சொல்லித்தருவதற்குத் திரை அருமையான கருவி. முதலில் அழைப்பவர், பிறகு திரை. இந்த வரிசையைத் தலைகீழாக்கிய திட்டங்கள்தான் பெட்டி பிரிக்காத கருவிகளோடு பீரோவில் கிடக்கின்றன.

ஆகவே இந்த இரண்டு நாளில் கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எத்தனை பேர் பதிவிறக்கினார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்ற அட்டவணையோடு இன்னும் இரண்டு நிரல்களைச் சேருங்கள். அந்தப் பிள்ளையை அழைத்தவர் யார்? ஆறு மாதம் கழித்து அவன் வகுப்பில் இருந்தானா? இந்த இரண்டுக்கும் விடை இல்லாத கட்டுரையை இணையவழி மீட்புக்குச் சான்றாக ஏற்பதில்லை என்று இந்த அவை தீர்மானிக்கட்டும். செயலிக்கு நிதி ஒதுக்கச் சொல்லும் ஒவ்வொரு பரிந்துரையிலும், அழைக்கும் ஆளுக்கு மதிப்பான சம்பளத்தையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுப்பு எழுத விரும்பும் நண்பர்கள் தாராளமாக எழுதலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இந்த முறை காளிக்குப்பம் கட்டுரையைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு எழுதுங்கள்.