கிருமி போன பிறகு இரைப்பை



வயிற்றுப்புண்காரரைக் கேட்டால் "என் தலைவிதி" என்பார். பக்கத்து வீட்டார் மிளகாய் என்பார்கள். படித்த டாக்டர்களுங்கூட ஒரு காலத்தில் கவலையும் அமிலமுமே காரணமென்று ஒப்பித்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ராபின் வாரன் 1979-ல் அழற்சி கண்ட இரைப்பைத் துணுக்குகளில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். அமிலத்தில் கிருமி பிழைக்குமா என்று பலர் நம்ப மறுத்தார்கள். அந்தக் கிருமியோ அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு வாழ்கிறது! பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் தம் இரைப்பை நன்றாயிருப்பதை முதலில் சோதித்துக்கொண்டு, பிறகு அக்கிருமியையே குடித்தார். பத்தாம் நாள் சோதித்தபோது இரைப்பை அழன்றிருந்தது. அவர் எந்தச் சாஸ்திரத்தையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. தம் வயிற்றையே அழைத்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, மருந்தால் கிருமியைக் கொன்றுவிட்டோம். உடனே இரைப்பை பழையபடி ஆகிவிடுமா? ஆகாது, தோழர்களே. மருந்து பெரும்பாலும் 14 நாள். கிருமியோடு போராட வந்த வெள்ளணுக்களில் ஒரு வகை சில வாரங்களில் விலகிவிடும். மற்றொரு வகை விலக மாதங்களும் வருஷங்களுங்கூட ஆகும். புண் ஆறும், திரும்ப வருவதும் அபூர்வமாகும். மெலிந்துபோன உட்சவ்வு சிலருக்கு ஓரளவு தேறும். ஆனால் நெடுநாள் அழற்சியால் இரைப்பைச் சவ்வு குடற்சவ்வைப் போல மாறிவிட்ட இடங்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை. புற்றுநோய்ப் பயம் குறையும், அடியோடு போகாது. அத்தகையவர்களை டாக்டர்கள் பிறகும் குழாய் விட்டுப் பார்ப்பது இதனால்தான்.

கிருமியுள்ள எல்லோருக்கும் இக்கதி வருமென்று பயமுறுத்த வரவில்லை, பெரும்பாலோருக்கு வராது. நான் சொல்வது ஒன்றே. விபூதிக்கும் வேண்டுதலுக்கும் விதிக்கும் கொடுத்த வருஷங்களைப் பின்னால் எந்த மருந்தும் முழுவதும் மீட்டுத் தராது. ஆகவே காலத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வலி நின்றதாலேயே கிருமி போயிற்றென்று நம்பாதீர்கள். மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து பாருங்கள்.

டாக்டர் சொன்னாலும், நான் சொன்னாலும், சோதித்துப் பார்த்தே நம்புங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறேன்.