ஊர் கேட்பது அசல் மின்சாரம்



அரசாங்க மின்கம்பி எட்டாத ஊரில், சூரியத் தகடுகளையும் மின்கலங்களையும் வைத்து, அந்த ஊருக்கு மட்டும் மின்சாரம் கொடுப்பதே சிறு மின்கட்டமைப்பு. நல்ல திட்டம்தான். பிறகு ஏன் சில இடங்களில் மக்களே அதை ஒதுக்குகிறார்கள்? அறியாமை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது சரிதானா?

இந்தியாவின் பீகார் மாநிலத்தில் தர்னாய் என்றொரு கிராமம். 30 ஆண்டுகளுக்கு மேல் இருளில் கிடந்த ஊர். 2014 ஜூலையில் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சூரியசக்திக் கட்டமைப்பைத் தொடங்கியது. பத்திரிகைகள் பாராட்டின. ஆனால், அடுத்த மாதம் நிதிஷ் குமார் அங்கு வந்தபோது ஊர் மக்கள் கேட்டது என்ன தெரியுமா? போலி மின்சாரம் வேண்டாம், அசல் மின்சாரம் வேண்டும் என்பதுதான்!

காரணம் இருந்தது. அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளைப் போடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பின்னர் அரசாங்கக் கம்பி வந்தது. அதன் கட்டணமும் குறைவு. மின்கலங்கள் தேய்ந்தன. கடைசியில் அந்த நிலையம் மாடு கட்டும் இடமானது.

சட்டம் என்ன செய்தது? இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டம், கிராமப்புறங்களில் உரிமமின்றி மின்சாரம் உற்பத்தி செய்து விநியோகிக்க வழி திறந்தது. ஆனால், நாளை பெரிய கம்பி வந்தால் சிறு கட்டமைப்பின் கதி என்ன என்று சொல்லவில்லை. பணம் போடுபவர் தயங்குகிறார். மக்களோ, இதை ஏற்றுக்கொண்டால் அரசாங்கம் நம்மை மறந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். இரண்டு அச்சமும் நியாயமே.

உத்தரப் பிரதேசம் 2016இல் இதற்கு விதி வகுத்தது. பெரிய கம்பி வந்தாலும் சிறு கட்டமைப்பு தொடர்ந்து இயங்கலாம். அல்லது மின்விநியோக நிறுவனத்திடம் விலை பேசி ஒப்படைக்கலாம்.

இது நமக்கும் பாடம். சரவாக் உட்பகுதியின் நீண்ட வீடுகளுக்கு 2016இல் தொடங்கிய சாரெஸ் திட்டத்தின்கீழ் சூரிய மின்சாரம் போய்ச் சேர்ந்தது. அங்கே கட்டமைப்பு ஊர் மக்களிடமே ஒப்படைக்கப்படுகிறது. பெருமைக்குரியது. ஆனால், தகடுகளைக் கொடுத்தால் மட்டும் போதாது. மின்கலம் தேய்ந்தால் மாற்றுவது யார்? பெரிய கம்பி எப்போது வரும்? வந்தபின் என்ன நடக்கும்? இம்மூன்றையும் முதல் நாளே எழுத்தில் கொடுங்கள்.

மக்களின் மனத்தை மாற்றப் புறப்படுமுன் அவர்களுடைய கேள்விக்குப் பதில் சொல்வோம்.