பூட்டிய பென் டிரைவ்: டிவி ரெக்கார்டிங் யாருக்குச் சொந்தம்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் வீட்டு விஷயம். முதல்ல வீட்டு விஷயத்தச் சொல்லிடறேன்.

நான் பெரம்பூர். அப்பா ஐசிஎஃப்ல பெயின்ட் ஷாப்புல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்க தெருவுல வருஷா வருஷம் கேரம் டோர்னமென்ட் நடத்துவார். 2016 பொங்கலுக்கு ஒரு லோக்கல் கேபிள் சேனல்ல அவரைப் பேட்டி எடுத்தாங்க. மொத்தம் 11 நிமிஷம். செட்டாப் பாக்ஸ்ல பென் டிரைவ் சொருகி, ரிமோட்ல சிவப்பு பட்டனை அமுக்கி நான்தான் ரெக்கார்ட் பண்ணேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அதப் போட்டுக் காட்டாம அப்பா விடமாட்டார்.

2020-ல அப்பா தவறிட்டார். அடுத்த வருஷ மழையில பாக்ஸும் போச்சு. கேபிள் அண்ணன் அன்னைக்கே புது பாக்ஸ் மாட்டிட்டு, பழசை எடுத்துட்டுப் போயிட்டார். திதி அன்னைக்கு அம்மா, "அந்தப் பேட்டியப் போடுடா"ன்னு கேட்டாங்க. பென் டிரைவைச் சொருகினேன். ஃபைல் பேர் தெரியுது, ஆனா ஓடல. லேப்டாப்ல விஎல்சி-ல போட்டுப் பார்த்தேன். வெறும் கருப்புத் திரை.

அப்போதான் எனக்குப் புரிஞ்சது. பல பாக்ஸ்கள் ரெக்கார்ட் பண்றதைப் பூட்டித்தான் பென் டிரைவ்ல எழுதும். சாவி அந்தப் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். பென் டிரைவ் என் கையில இருந்துச்சு, சாவியை நானே தூக்கிக் குடுத்திருக்கேன். கேபிள் அண்ணனைக் கேட்டா, பழைய பாக்ஸ் எல்லாம் கம்பெனிக்குத் திரும்பிப் போயிடுச்சுன்னார். சேனல்ல கேட்டா, அவ்வளவு பழசை நாங்க வச்சிருக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க.

இது எப்படி இப்படி ஆச்சு? ஒரு காலத்துல கேபிள் ஒயர் நேரா டிவிக்குள்ள போகும். பர்மா பஜார்ல வாங்கின விசிஆர்ல எந்த சேனலை வேணாலும் பிடிக்கலாம், அந்த கேசட் எந்த வீட்டு விசிஆர்லயும் ஓடும். 2003 செப்டம்பர்ல கட்டண சேனல் பார்க்கணும்னா செட்டாப் பாக்ஸ் வேணும்ங்கிற முறை நாட்டிலேயே முதல்ல சென்னையிலதான் அமலுக்கு வந்தது. அப்புறம் கேபிள் மொத்தமும் டிஜிட்டல் ஆச்சு. சிக்னல் பூட்டி வருது, பாக்ஸ்தான் திறக்குது. 2008-ல டாடா ஸ்கை பிளஸ் மாதிரி ஹார்ட் டிஸ்க் வச்ச பாக்ஸ்களும் வந்தது. வசதிதான். ஆனா இந்த மாதிரிப் பெட்டிகள்ல ரெக்கார்டிங் பெட்டியோட கட்டுண்டு கிடக்கும். பெட்டி போனா அதுவும் போச்சு.

"சரி, டிவில வர்றத ரெக்கார்ட் பண்றதே தப்பு இல்லையா?"ன்னு சிலர் கேப்பீங்க. 1957 காப்புரிமைச் சட்டத்தோட 39-ஆவது பிரிவைப் பாருங்க. ஒளிபரப்பைச் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வது மீறல் ஆகாதுன்னு இருக்கு. அமெரிக்காவில 1984-ல பீட்டாமேக்ஸ் வழக்குல, வீட்டுல ரெக்கார்ட் பண்ணி அப்புறமா பார்க்கறது நியாயமான பயன்பாடுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அஞ்சுக்கு நாலுங்கிற கணக்குல ஜெயிச்ச தீர்ப்பு அது. ஆனா சொந்த உபயோகம்னா சொந்த உபயோகம்தான். யூடியூப்ல ஏத்தறது வேற கதை.

இப்போ மாற்று வழிகள். நான் முயற்சி பண்ண ரெண்டை மட்டும் சொல்றேன்.

முதல் வழி, டிடி ஃப்ரீ டிஷ். மாசக் கட்டணம் கிடையாது. மொட்டை மாடியில சின்ன டிஷ், யுஎஸ்பி ரெக்கார்டிங் உள்ள ஒரு ஃப்ரீ-டு-ஏர் பாக்ஸ், அவ்வளவுதான். பூட்டில்லாம வர்ற சேனலை சாதாரண டிஎஸ் ஃபைலா எழுதும். என் பாக்ஸ்ல ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகுது. அதை லேப்டாப்ல, போன்ல, எதுல வேணாலும் ஓட்டலாம். குறை என்னன்னா, தமிழ் சேனல் ரொம்பக் கம்மி. பொதிகையா இருந்து 2024 ஜனவரியில பேர் மாறின டிடி தமிழ் பார்க்கிறவங்களுக்கு இது போதும். சீரியல் ரசிகர்களுக்குப் போதாது.

ரெண்டாவது வழி, பாக்ஸ் பின்னாடி இருக்கற மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை. சில பாக்ஸ்ல மூணுக்கும் சேர்த்து ஹெட்ஃபோன் ஓட்டை மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்கும். ஹெச்டிஎம்ஐ வழியா வர்ற படத்துக்குப் பெரும்பாலும் ஹெச்டிசிபி பூட்டு உண்டு. அதை உடைக்கிற குறுக்கு வழி பத்தி நான் பேசப் போறதில்ல. ஆனா இந்த ஏவி அவுட் பழைய அனலாக். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவி வாங்கினேன். ஒரு பக்கம் அந்த மூணு ஒயர், இன்னொரு பக்கம் பழைய லேப்டாப். ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவச சாஃப்ட்வேர், அதுல ரெக்கார்ட். படம் 720-க்கு 576 தான், டிவிடி அளவுக்குத் தெளிவு. நிகழ்ச்சி முடியற வரைக்கும் லேப்டாப்பும் ஓடணும், பாக்ஸ்ல சேனலையும் மாத்தக் கூடாது. வீட்டுல சீரியல் நேரத்துல இதைச் செஞ்சு பாருங்க, சண்டை நிச்சயம். [சிரிப்பு]

முதல் தடவை நான் ஆடியோ இன்புட்டை மாத்த மறந்துட்டேன். ஒரு மணி நேரமும் எங்க வீட்டு ஃபேன் சத்தம்தான் பதிவாச்சு.

"ஓடிடி-ல இருக்குமே"ன்னு சொல்லலாம். பெரிய நிகழ்ச்சிகள் இருக்கும், உரிமம் இருக்கற வரைக்கும். லோக்கல் சேனல்ல வந்த கேரம் பேட்டி எந்த ஓடிடி-லயும் வராது. நமக்கு உயிரா இருக்கறது பல நேரம் அந்த மாதிரி சின்ன விஷயம்தான்.

2020 ஏப்ரல்ல, எல்லா செட்டாப் பாக்ஸும் எந்த நிறுவனத்தோட இணைப்புலயும் வேலை செய்யற மாதிரி இருக்கணும்னு டிராய் பரிந்துரை செஞ்சது. அது நடந்தா பாக்ஸ் நம்மோடதாகவே இருக்கும். அதுவரைக்கும் நம்ம ஜாக்கிரதை நம்ம கையில.

அப்பா பேட்டி கிடைச்சுதான்னு கேப்பீங்க. கிடைக்கல. பக்கத்து வீட்டு அக்கா அன்னைக்கு டிவி திரையைப் போன்ல எடுத்த 40 வினாடி மட்டும் இருக்கு. அப்பா பேச்சை விட எங்க வீட்டு மிக்ஸி சத்தம்தான் அதிகம். அம்மாவுக்கு அதுவே போதும்னு சொல்றாங்க. எனக்குப் போதல. போன மாசம் அந்த அக்காவோட பொண்ணு டிவில பாட்டுப் போட்டியில பாடினா. ரெண்டாவது வழியில ரெக்கார்ட் பண்ணி, ரெண்டு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தேன்.

உங்களுக்கு ஒரே ஒரு வேலை. பாக்ஸ்ல ரெக்கார்ட் பண்ண ஏதாவது வீட்டுல இருந்தா, இன்னைக்கே அதை லேப்டாப்ல போட்டுப் பாருங்க. ஓடலன்னா, பாக்ஸ் உயிரோட இருக்கும்போதே ஏவி ஒயர் போட்டு எடுத்துடுங்க. பாக்ஸ் ரிப்பேர்னு மாத்த வந்தா, பழசை உடனே குடுத்துடாதீங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.