கெடு முடிந்தது வேறு, கெட்டது வேறு



'கெடு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பெயராக நின்றால் குறித்த கால எல்லையைச் சுட்டும். வினையடியாக நின்றால் பழுதாதலைச் சுட்டும். வடிவம் ஒன்று, பொருள் இரண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் விளையும் பிழையைக் கணினித் துறையிலும் காண்கிறோம்.

ஃபப்ரீஸ் பெல்லார் உருவாக்கி 2003இல் வெளிவந்த கியூஎமு, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயங்கச் செய்யும் மென்பொருள். அதில் மாற்றம் செய்யும்போது, அது பழுதின்றி இயங்குகிறதா என்பதைத் தானியங்கிச் சோதனைகள் பார்க்கின்றன. உள்ளிருக்கும் மெய்நிகர்க் கணினி தொடங்கிப் பயனர்பெயர் கேட்கும் வரி தோன்றும்வரை சோதனை காத்திருக்கும். அவ்வரி தோன்றாவிடில், முடிவின்றிக் காத்திருக்க இயலாது. ஆகவே காலக்கெடு விதிக்கிறோம்.

கெடு முடிந்தால் மென்பொருள் கெட்டுவிட்டது என்று பொருளா? அன்று. சோதனை நடக்கும் கணினி வேறு பணிகளால் திணறியிருக்கலாம். வேறு வகைச் செயலியின் கட்டளைகளை மென்பொருளே பெயர்த்து இயக்கியதால் வேகம் குறைந்திருக்கலாம். அல்லது, இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து உறைந்திருக்கலாம். முதலிரண்டும் தாமதம், மூன்றாவதே பழுது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு மூன்றும் ஒரே மௌனம்.

ஒரு நிரல் முடியுமா, முடியாதா என்பதை எல்லா நிரல்களுக்கும் பொதுவாகக் கண்டறியும் வழி இல்லையென ஆலன் டூரிங் 1936இல் நிறுவினார். எனவே, கெடு நாம் வகுக்கும் எல்லையே, தீர்ப்பன்று. கியூஎமு பயன்படுத்தும் மீசன் என்னும் கருவி, 'தோல்வி', 'கெடு கடந்தது' ஆகிய இரண்டையும் தனித்தனியே எண்ணிக் காட்டுகிறது. நாம் வேறாகக் குறிக்காவிடில் அது தரும் கெடு 30 நொடி. மெதுவான கணினியில் எல்லாக் கெடுக்களையும் ஒரே எண்ணால் பெருக்கிக்கொள்ளவும் அதில் இடமுண்டு.

எனினும், கெடுவை நீட்டுவதே மருந்தாகிவிடக் கூடாது. உறைந்த நிரல் 300 நொடி தந்தாலும் விடை தராது. பழுதை அறியும் நேரமே தள்ளிப்போகும். மௌனத்திற்கு முன் வந்த கடைசி வரியைப் பதிவேட்டில் முதலில் பார்த்தல் வேண்டும். சோதனை எழுதுவோரும், 'இத்தனை நொடி நில்' என்று எழுதாமல், 'இந்த வரி வரும்வரை, இந்தக் கெடுவுக்குள் காத்திரு' என்று எழுதுதல் நன்று.

வினாவிற்கு உடனே விடை கூறாத மாணவரை 'அறியாதவர்' என்று குறித்துவிடும் பழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடமும் உண்டு. விடை பிழை என்பதும் விடை இன்னும் வரவில்லை என்பதும் இருவேறு செய்திகள். அவற்றை இருவேறு சொற்களால் குறிப்போம்.