விசிறியும் பொதுத் தொலையியக்கியும்

நள்ளிரவிலே புழுக்கம் தாளாது விழித்துக்கொள்ளும் நோயாளிக்குத் தலைக்கு மேலே தொங்கும் மின்விசிறி எட்டாத பொருளேயாகும். அதன் ஆளி கதவோரச் சுவரில் இருக்கின்றது. நான்கடி நடக்க இயலாதவர் பிறரை எழுப்பவேண்டும். எழுப்ப மனமில்லாதவர் வியர்வையிலே கிடக்கவேண்டும். ஆதலின், ரிமோட் என வழங்கும் தொலையியக்கியைச் சோம்பேறிகளின் விளையாட்டுப் பொருளென்று இகழ்தல் பொருந்தாது.

இன்று தொலைக்காட்சிக்கு ஒன்று, குளிரூட்டிக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று என வீட்டிலே பல தொலையியக்கிகள் சேர்ந்துவிடுகின்றன. வேண்டிய வேளையில் வேண்டியது மட்டும் அகப்படாது. எனவே, அனைத்தையும் ஆளவல்லதென்று சொல்லப்படும் பொதுத் தொலையியக்கி ஒன்றை வாங்கி வருகின்றனர். தொலைக்காட்சி உடனே பணிகின்றது, விசிறியோ அசையவில்லை. கடைக்காரரை ஏசுமுன், விசிறி எம்மொழியைக் கேட்கின்றது என்று அறிதல் வேண்டும்.

முற்காலத்தில் ஒலியும் இவ்வேலையைச் செய்தது. 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செனித் நிறுவனம் விற்ற தொலையியக்கியில் மின்கலமே இல்லை. பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று அலுமினியக் கோலைத் தட்டும். செவிக்குப் புலனாகாத அவ்வொலியைத் தொலைக்காட்சிப் பெட்டி உணர்ந்துகொள்ளும். இக்காலத்தில் வழங்குவன இரண்டு: ஒன்று செந்நிறக் கீழ்க் கதிர், மற்றது வானொலி அலை.

பொதுத் தொலையியக்கிகளிற் பெரும்பாலானவை முன்னதையே அறியும். அக்கதிர் செக்கனுக்கு ஏறக்குறைய 38,000 தடவை துடித்து, குறியீட்டைச் சுமந்து செல்லும், சுவரை ஊடுருவாது. விசிறிகளிற் பலவோ வானொலி அலைக்கே செவிசாய்ப்பன. 433.92 மெகாஹேட்ஸ் அவற்றிற் பயிலும் மீடிறன்களுள் ஒன்று. கதிரை மட்டும் வீசும் கருவியை எத்தனை முறை அழுத்தினாலும் இத்தகைய விசிறிக்குக் கேளாது.

இதனைச் சோதித்தறிதல் எளிது. விசிறியின் சொந்தத் தொலையியக்கியைக் கைத்தொலைபேசியின் முன்புறக் கமெராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துக. திரையில் முனை ஊதாவாக மின்னினால் அது கதிர்வகை. கற்கும் ஆற்றலுள்ள பொதுத் தொலையியக்கியை அதன் முனைக்கெதிரே வைத்து, பொத்தான் பொத்தானாகப் பழக்கிவிடலாம். புதிய மின்கலம் இட்டும் மின்னாவிடில், வானொலி வகையாக இருத்தல் கூடும். அவ்வாறாயின், அதே மீடிறனையும் குறியீட்டையும் கற்கவல்ல வேறு கருவி தேவை. விசிறி செய்தவரிடமே இரண்டாவது தொலையியக்கி ஒன்றை வாங்குவது பெரும்பாலும் மலிவாக முடியும்.

வானொலி அலை சுவரைக் கடப்பது நன்மையே. ஆயினும் தொடர்மாடிகளில் அதுவே தொல்லை. சிலவற்றில் நான்கு சிறு ஆளிகளால் 16 குறியீடுகள் மட்டுமே அமையும். அயல்வீட்டாரும் அதே விசிறியை வாங்கி, இருவரும் ஆளிகளைத் தொடாது விட்டிருந்தால், அவர் உறங்கப் போகும்போது இவர் வீட்டு விசிறியும் நிற்கும்! தொலையியக்கியிலும் வாங்கியிலும் ஒரே ஆளியை மாற்றிவிட்டாற் போதும். வாங்கி விசிறியின் கிண்ணத்துள் இருப்பதனால், பிரதான ஆளியை அணைத்த பின்னர், மின்வேலை தெரிந்தவரே அதனைச் செய்தல் வேண்டும். சுவரிலுள்ள வேகக்கட்டுப்படுத்தியையும் அவர் அகற்றிவிடுவது நன்று. இரண்டு கட்டுப்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பின், விசிறி முரலும், கருவியும் சூடேறும்.

நோயாளி இருக்கும் வீட்டார் வாங்குமுன் கேட்டறியவேண்டியது இன்னொன்றுண்டு. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திரார். மின்சாரம் மீண்டதும் சில விசிறிகள் பழைய வேகத்திற் சுழலும். சில, மறுபடியும் பொத்தானை அழுத்தும்வரை அசையாது கிடக்கும். படுக்கையிலிருப்பவர் அயர்ந்திருந்தால் அதை யார் அழுத்துவது? முதல்வகையையே தெரிந்துகொள்க. சுவராளியை எவரும் தவறி அணையாதபடி அதன்மேல் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டி, தொலையியக்கியைக் கட்டிற் சட்டத்தில், நோயாளியின் கைக்கெட்டும் பக்கமாக, நூலிட்டுக் கட்டிவிடுக.